அழுகுணி ஆட்டம்: ஒரு பேட்டிங் சைடு அம்பயரின் குறிப்புகள்

கணியம்பாடிப் பக்கம் நாங்கள் ஆடிய கிரிக்கெட்டில் அம்பயர் எப்போதும் பேட்டிங் டீம் ஆள்தான். அடுத்து இறங்க வேண்டியவன், இல்லையென்றால் அப்போதுதான் டக் அவுட்டாகி வந்து கடுப்பில் இருப்பவன், இரண்டு பேரில் ஒருத்தன் போய் ஸ்டம்புக்குப் பின்னால் நிற்பான். எங்கள் ஏரிக் கிரவுண்டுக்கு மட்டும் உரிய வழக்கம் இல்லை இது. தமிழ்நாட்டில் டென்னிஸ் பால் ஆடி வளர்ந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வரப்புத் தகராறு ஒன்று கோர்ட்டுக்கு வருகிறது. பிரதிவாதியின் தம்பியையே கூப்பிட்டு நீதிபதி நாற்காலியில் உட்கார வைத்து, "நீயே பாத்து நியாயமா சொல்லுப்பா" என்றால் எப்படி இருக்கும்? அந்தக் கதைதான். ஆனாலும் ஆட்டம் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல், வருஷக்கணக்கில் நடந்தது. எப்படி நடந்தது என்று ரொம்ப நாளாக எனக்கு ஒரு கேள்வி.

ஒரு பதில் சுலபம். அம்பயர் நேர்மையானவர் என்று நாங்கள் நம்பவே இல்லை. அவன் எப்படியும் தன் டீமுக்குத்தான் சொல்வான் என்று எடுத்துக்கொண்டு, அவன் முடிவு சொல்ல வேண்டிய இடங்களையே குறைத்துவிட்டோம். எல்பி கிடையாது. வைடுக்குக் காலால் கோடு கிழித்தாகிவிட்டது. போல்டு என்றால் செங்கல் விழும், எல்லோருக்கும் தெரியும். நான் வேலை செய்யும் சாஃப்ட்வேர் துறையில், ஒருத்தன் எழுதிய கோடை அவனே ரிவ்யூ பண்ணக்கூடாது என்பது பால பாடம். நாங்கள் அந்தப் பாடத்தைப் படிக்காமலே, ரிவ்யூவுக்கு வேலையே இல்லாதபடி கோடை எழுதி வைத்திருந்தோம்.

எல்பி இல்லாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என்று எங்களைச் சுற்றி எல்லாம் தோல் ஊர்கள். வெளிநாட்டுக் கால்களுக்கெல்லாம் ஷூ தைத்து அனுப்பும் வட்டாரத்தில் தோல் பந்து எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அது மீரட்டிலிருந்தும் ஜலந்தரிலிருந்தும் வர வேண்டும். பந்தே இல்லை, அப்புறம் பேடு எங்கே? பேடு கட்டாதவனுக்கு எல்பி கொடுத்தால் பாவம் இல்லையா!

மிச்சம் இருந்தது ரன் அவுட் மட்டும்தான். அதை விதி போட்டு ஒழிக்க முடியவில்லை. என் கதையும் அங்கேதான் மாட்டிக்கொண்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

*

எல்பி இருந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சேப்பாக்கமே சாட்சி. 1986 செப்டம்பர் 22, இந்தியா ஆஸ்திரேலியா டெஸ்டின் கடைசி நாள். ஆஸ்திரேலியா 574 ரன் குவித்து டிக்ளேர் செய்தது. டீன் ஜோன்ஸ் சென்னை வெயிலில் வாந்தி எடுத்துக்கொண்டே 210 அடித்தார். கடைசி நாளில் இந்தியாவுக்கு 348 ரன் இலக்கு. கவாஸ்கர் 90 அடித்துக் கொடுத்தார். கடைசி ஓவரில் ஒரு விக்கெட் கையில், 4 ரன் தேவை. ரவி சாஸ்திரி இரண்டு எடுத்தார், பிறகு ஒன்று. ஸ்கோர் சமம். எதிரே மனிந்தர் சிங், பந்துவீசியவர் கிரெக் மேத்யூஸ். ஓவரின் ஐந்தாவது பந்து பேடில் பட்டது. அம்பயர் விக்ரம்ராஜு கையைத் தூக்கிவிட்டார். ஆட்டம் டை. டெஸ்ட் வரலாற்றில் 1960 பிரிஸ்பேனுக்குப் பிறகு இரண்டாவது டை அதுதான்.

பந்து முதலில் பேட்டில் பட்டது என்று மனிந்தர் இன்றுவரை சொல்கிறார். விக்ரம்ராஜு தான் கொடுத்தது சரி என்றே நின்றார். யார் சொல்வது உண்மை என்பதை நான் தீர்க்கப் போவதில்லை. எனக்குச் சுவாரசியமாக இருப்பது வேறு. அந்த நாளில் டெஸ்டுக்கு உள்ளூர் அம்பயர்கள்தான். அதாவது அன்று சேப்பாக்கத்தில் நின்றவரும், எங்கள் ஏரிக் கிரவுண்டு கணக்குப்படி, பேட்டிங் சைடு அம்பயர்தான்! சொந்த நாட்டுக்கு ஜெயிக்க ஒரே ஒரு ரன் வேண்டும், கேலரி முழுக்க நம் ஜனங்கள், சந்தேகம் என்று சொல்லிக் கையைப் பாக்கெட்டிலேயே வைத்திருந்தால் கேட்க ஆளில்லை. தூக்கினார். அதற்குப் பிறகு அவர் ஒரு டெஸ்டிலும் நிற்கவில்லை. அதனால்தான் இது என்று நான் சொல்ல வரவில்லை. எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

நாற்பது வருஷமாக அந்த முடிவைப் பற்றிப் பேசும்போது "அவர் தப்பா கொடுத்துட்டாருப்பா" என்றுதான் பேசுகிறோம். "நம்ம ஆளு நமக்கு எதிராவே கொடுத்தாரே, என்னா தில்லு" என்று ஒருத்தர் பேசி நான் கேட்டதில்லை.

*

இப்போது சிட்னி. 2008 ஜனவரி. எனக்கு அப்போது ஐடி வேலை கிடைத்து சில வருஷம் ஆகியிருந்தது. ஆபீஸில் வேலை நடந்ததோ இல்லையோ, ஸ்கோர் பக்கம் ரிஃப்ரெஷ் ஆகிக்கொண்டே இருந்தது.

முதல் நாளே ஆரம்பித்துவிட்டது. ஆஸ்திரேலியா 6 விக்கெட் போய்த் தடுமாறும் நேரம், ஆண்ட்ரூ சைமண்ட்ஸ் 30 ரன்னில் இருக்கிறார். இஷாந்த் சர்மா பந்து பேட்டில் பட்டு தோனி கைக்குப் போகிறது. சத்தம் எங்கள் ஆபீஸ் கேன்டீன் வரைக்கும் கேட்டது. ஸ்டீவ் பக்னருக்கு மட்டும் கேட்கவில்லை. சைமண்ட்ஸ் 162 அடித்து அவுட்டாகாமல் நின்றார். தான் எட்ஜ் வாங்கியது உண்மைதான் என்று அவரே ஒத்துக்கொண்டார். இரண்டாவது இன்னிங்ஸில் மைக்கேல் கிளார்க் முதல் பந்திலேயே கும்ப்ளேவிடம் எட்ஜ் கொடுத்து, ஸ்லிப்பில் டிராவிட் கையில் பந்து பத்திரமாகப் போய்ச் சேர்ந்த பிறகும், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார். அதே கிளார்க் பிறகு கங்குலியின் கேட்சைத் தரையோடு தரையாகப் பிடித்தேன் என்றார். அம்பயர் மார்க் பென்சன் யாரைக் கேட்டார் தெரியுமா? ஆஸ்திரேலிய கேப்டன் ரிக்கி பான்டிங்கை! பான்டிங் அவுட் என்றார், பென்சனும் அவுட் கொடுத்தார். எங்கள் ஊரில் பேட்டிங் சைடு அம்பயர். சிட்னியில் ஒரு படி மேலே போய் பவுலிங் சைடு கேப்டனே அம்பயர்.

122 ரன்னில் தோற்றோம். ஒரு அணி மட்டும்தான் ஆட்டத்தின் உணர்வோடு ஆடியது என்ற பொருளில் கும்ப்ளே சொன்னார். ஊரில் கொடும்பாவி எரித்தார்கள். அடுத்த பெர்த் டெஸ்டிலிருந்து பக்னரை நீக்கினார்கள்.

சரி, அந்த மேட்சில் நாம் ஞாபகம் வைத்துக்கொள்ளாத ஒன்றைச் சொல்கிறேன். முதல் இன்னிங்ஸில் பான்டிங் 55 ரன்னில் ஹர்பஜன் பந்தில் எல்பி. பந்து பேட்டில் நன்றாகப் பட்டுத்தான் பேடுக்குப் போனது. அது நமக்குக் கிடைத்த விக்கெட். அதற்கு முன்னால் 17 ரன்னில் அவர் எட்ஜ் வாங்கியதைக் கொடுக்காமல் விட்டதை வைத்து அது சரியாகிவிட்டது என்று நாம் கணக்கு நேர் செய்துகொண்டோம். நமக்கு வந்தால் ரத்தம், அவனுக்கு வந்தால் தக்காளிச் சட்னி என்பது இதுதான். மேலும் பக்னர் ஜமைக்காக்காரர். 100 டெஸ்டுக்கு மேல் நின்றவர். ஆஸ்திரேலியா ஜெயித்தால் அவருக்கு என்ன கிடைக்கப் போகிறது? அவருடைய குறை காதிலும் கண்ணிலும் இருந்திருக்கலாம். நாம் அதை மனசில் தேடினோம்.

இதைவிடப் பெரிய காமெடி ஆறே மாசத்தில் நடந்தது. 2008 ஜூலையில் இலங்கையில், அம்பயர் முடிவை மறுபரிசீலனை செய்யும் முறையை முதல்முறையாகச் சோதித்துப் பார்த்தார்கள். ஆடியது யார்? சிட்னியில் நியாயம் கேட்டு அழுத அதே இந்தியா. மருந்து வந்துவிட்டது, இனி நோய் தீர்ந்தது என்று நினைத்திருப்பீர்கள். கொழும்பில் அந்த மருந்துக்கு முதல் ஆளாக விழுந்தவர் சேவாக், முத்தையா முரளிதரன் பந்தில் எல்பி. நம்மவர்களுக்கு எப்போது ரிவ்யூ கேட்பது என்றே பிடிபடவில்லை, தொடரிலும் தோற்றோம். அவ்வளவுதான், மருந்து கசக்கிறது என்று சொல்லிவிட்டது நம் வாரியம். இரு அணிகள் ஆடும் தொடர்களில் அந்த முறையை இந்தியா முழுசாக ஏற்றுக்கொள்ள 2016 இங்கிலாந்துத் தொடர் வரை ஆனது.

தமிழில் இதற்கு அருமையான ஒரு சொல் இருக்கிறது. அழுகுணி ஆட்டம். தெருவில் கள்ளாட்டம் ஆடுகிறவனையும் அப்படித்தான் சொல்வோம், தோற்றுப்போனதும் மூக்கைச் சிந்தி ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு போகிறவனையும் அப்படித்தான் சொல்வோம். ஏமாற்றுவதும் அழுவதும் வேறு வேறு குணம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தச் சொல்லை உண்டாக்கிய பிள்ளைகளுக்கு விவரம் அதிகம். தோல்வியைத் தாங்க முடியாதவன்தான் இரண்டையும் செய்கிறான்.

*

நான் இந்தியாவை மட்டும் கிண்டல் செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 1995 டிசம்பர் 26, மெல்போர்ன். கண்டித் தமிழர் முரளிதரன் பந்தை எறிகிறார் என்று சொல்லி, பந்துவீச்சு முனையில் நின்ற ஆஸ்திரேலிய அம்பயர் டேரல் ஹேர் ஏழு முறை நோ பால் கொடுத்தார். கேப்டன் ரணதுங்க முரளியை மறுமுனைக்கு மாற்றினார். அங்கே நின்றவர் நியூசிலாந்தின் ஸ்டீவ் டன். அதே கை, அதே முழங்கை, அதே மெல்போர்ன். நோ பால் இல்லை! பிற்பாடு ஆய்வகங்களில் பந்துவீச்சாளர்களின் கைகளை அளந்து பார்த்ததில், சரியாக வீசுகிறார்கள் என்று பெயரெடுத்த பலருக்கும் முழங்கை கொஞ்சம் நிமிர்கிறது என்று தெரிந்தது. எல்லோருக்கும் 15 டிகிரி என்று வரம்பு வைத்தார்கள். முரளி 800 விக்கெட்டோடு முடித்தார்.

ஹேர் மனசில் என்ன இருந்தது என்பது அவருக்குத்தான் வெளிச்சம். ஆனால் உள்ளூர் அம்பயர்கள் மொத்தமாக எந்தப் பக்கம் சாய்ந்தார்கள் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த பொருளியல் ஆய்வாளர்கள் மூவர் 1986 முதல் 2012 வரையிலான 1000 டெஸ்டுகளின் எல்பி முடிவுகளை எடுத்துப் பார்த்து 2015ல் வெளியிட்டார்கள். இரண்டு அம்பயரும் உள்ளூர் ஆளாக இருந்தபோது விருந்தாளி அணிக்கு எல்பி அதிகம் விழுந்தது. 1994 முதல் ஒரு அம்பயர் வெளிநாட்டவர் என்று ஆனபோது அது குறைந்தது. 2002 முதல் இரண்டு பேரும் வெளிநாட்டவர் ஆனபோது அந்தச் சாய்வு காணாமல் போனது. ஆக, சந்தேகப்பட்டவர்கள் வெறும் அழுகுணிகள் இல்லை. விஷயம் இருந்திருக்கிறது. அம்பயர்கள் வேண்டுமென்றே செய்தார்கள் என்றும் அர்த்தமில்லை. 50,000 பேர் ஒரே குரலில் கத்தும்போது சந்தேகத்தின் பலன் கத்துகிறவர் பக்கம் கொஞ்சம் நகரும், அவ்வளவுதான்.

இதை ஆய்வுக்கு முன்பே புரிந்துகொண்டவர் இம்ரான் கான். சேப்பாக்கம் டை முடிந்து இரண்டு மாசம்கூட ஆகாத 1986 நவம்பரில், லாகூரில் மேற்கிந்தியத் தீவுகளோடு ஆடிய டெஸ்டுக்கு இந்தியாவிலிருந்து வி.கே. ராமசாமியையும் பிலூ ரிப்போர்ட்டரையும் வரவழைத்து நிறுத்தினார்கள். பாகிஸ்தானுக்கு அம்பயராக இரண்டு இந்தியர்கள்! முடிவு என்ன? பாகிஸ்தான் இன்னிங்ஸ் தோல்வி, இரண்டாவது இன்னிங்ஸில் 77க்கு ஆல் அவுட். அதற்காக இம்ரான் நடுநிலை அம்பயர் வேண்டாம் என்று பின்வாங்கவில்லை. கசந்தாலும் மருந்தைக் குடிப்பது என்றால் அது.

*

அம்பயரைத் திருத்த வழி இருக்கிறது என்று ஆகிவிட்டது. வெளியூர் ஆளைக் கொண்டுவரலாம், கேமரா வைக்கலாம். ஆடுகிறவனைத் திருத்துவது எப்படி?

1981 மெல்போர்னில் லில்லி பந்தில் கவாஸ்கருக்கு எல்பி கொடுத்தார்கள். பேட்டில் பட்டது என்று கவாஸ்கருக்கு ஆத்திரம். எதிர்முனையில் பாவம் என்று நின்ற சேதன் சவுகானையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு வெளியே கிளம்பிவிட்டார். எல்லைக்கோட்டில் அணி மேலாளர் வந்து நின்று சவுகானைத் திருப்பி அனுப்பினார். இரண்டு பேரும் கோட்டைத் தாண்டியிருந்தால் ஆட்டத்தையே தாரை வார்த்திருப்போம். ஆட்டம் தொடர்ந்தது. கடைசி இன்னிங்ஸில் கபில்தேவ் 5 விக்கெட் எடுக்க, ஆஸ்திரேலியா 83க்குச் சுருண்டது. இந்தியா ஜெயித்தது. அன்று நடந்துகொண்டதற்காகப் பின்னாளில் கவாஸ்கரே வருத்தப்பட்டார்.

அதற்கு ஒரு வருஷம் முன்னால், 1980 பிப்ரவரியில், பம்பாயில் பொன்விழா டெஸ்ட். இங்கிலாந்து 5 விக்கெட் போய்த் திணறுகிறது. பாப் டெய்லருக்கு கேட்ச் என்று அம்பயர் அவுட் கொடுத்துவிட்டார். நம் கேப்டன் விஸ்வநாத், "அவர் பேட்ல படல" என்று சொல்லித் திரும்பக் கூப்பிட்டார். டெய்லரும் போத்தமும் சேர்ந்து 171 ரன் எடுத்தார்கள். இந்தியா 10 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. விஸ்வநாத்தைப் பாராட்டும் எல்லோரும் அடுத்த மூச்சில் "ஆனா மேட்ச் போச்சே" என்கிறார்கள். அந்த "ஆனா"வில்தான் நாம் எல்லோரும் இருக்கிறோம்.

சேப்பாக்கத்துக்கு இன்னொரு நாள் இருந்தது. 1999 ஜனவரி 31. சச்சின் முதுகுவலியோடு 136 அடித்தும் பாகிஸ்தானிடம் 12 ரன்னில் தோற்றோம். அரங்கம் கொஞ்ச நேரம் உறைந்து கிடந்தது. பிறகு எழுந்து நின்று கைதட்டியது. வசீம் அக்ரம் அணி மைதானத்தைச் சுற்றி வந்தது. டிவியில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அன்று தொண்டை அடைத்தது. தோற்றதற்கா, கைதட்டியதற்கா என்று இன்றுவரை தெரியாது.

*

இப்போது என் ரன் அவுட்.

2001, நான் பி.இ. மூன்றாவது வருஷம். ஏரியில் எட்டு ஓவர் டோர்னமென்ட் ஃபைனல். பரிசு 501 ரூபாயும் ஒரு கப்பும். நாங்கள் பேட்டிங், நான் அம்பயர். இரண்டு பந்தில் மூன்று ரன் வேண்டும். எங்கள் ஆள் தட்டிவிட்டு இரண்டாவது ரன்னுக்கு ஓடினான். கவரிலிருந்து எதிரணிப் பையன் ஒருத்தன் எறிந்தான், நான் நின்ற பக்கம் ஸ்டம்ப் நேராகச் சிதறியது. பேட் கோட்டுக்கு வெளியே ஒரு முழம் இருந்தது. என் கண்ணுக்கு முன்னால்.

"இன்னாண்ணா, அவுட்டுதானே?" என்று ஓடி வந்தான்.

"நாட் அவுட். பேட்டு உள்ள வந்துடுச்சி" என்றேன்.

அவன் டீம் பசங்கள் கத்த ஆரம்பித்தார்கள். அவன்தான் கையைக் காட்டி நிறுத்தினான். "அண்ணன் காலேஜ் படிக்கிறாரு, பொய் சொல்ல மாட்டாரு. வுடுங்கடா" என்றான். வாரம் ஆறு நாள் ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் வேலை அவனுக்கு. ஆடக் கிடைத்தது ஞாயிறு ஒன்றுதான். அடுத்த பந்தில் நாங்கள் ஜெயித்தோம். அந்த 501 ரூபாயில் பிரியாணி சாப்பிட்டோம்.

சிட்னி டெஸ்ட் நேரத்தில் பக்னரை ஆபீஸில் எல்லோரையும்விட அதிகமாகத் திட்டியவன் நான்தான். ஏன் அவ்வளவு ஆத்திரம் வந்தது என்று பிறகுதான் யோசித்தேன். பக்னராவது பார்க்கத் தவறினார். நான் பார்த்துவிட்டுச் சொன்னேன்.

சில வருஷம் முன்னால் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ஏரிக்கரையில் அவனைப் பார்த்தேன். இப்போது அவன் மகன் ஆடுகிறான். கொஞ்ச நேரம் பேசாமல் நின்று ஆட்டத்தைப் பார்த்தோம். பிறகு எப்படியோ சொல்லிவிட்டேன். "தம்பி, அன்னிக்கு ஃபைனல்ல அது அவுட்டுதாம்பா."

"தெரியும்ணா" என்றான்.

எனக்குப் பேச்சு வரவில்லை. அவனே சொன்னான். "நான்தான எறிஞ்சேன், எனக்குத் தெரியாதா? பசங்க அடிதடிக்கு ரெடியா இருந்தானுங்க. சண்ட வந்தா அப்புறம் ரெண்டு ஊரும் சேந்து ஆடவே மாட்டோம்ணா. ஞாயித்துக்கெழம இன்னா பண்றது?"

எதிரே அவன் மகன் ரன் அவுட் ஆனான். அம்பயராக நின்ற பொடியன் கொஞ்சம் யோசித்துவிட்டு "நாட் அவுட்" என்றான். அவன் நிற்பதைப் பார்த்தாலே பேட்டிங் டீம் என்று தெரிந்தது.